பாய்ல்: பெயர்ப்பலகைகளைப் பார்க்கப் போன ஊர்

3 கிலோமீட்டருக்கு 20 யூரோ. அயர்லாந்தில் லாக் கீ வனப் பூங்காவிலிருந்து பாய்ல் ஊருக்குத் திரும்ப ஒரு டாக்சிக்காரர் என்னிடம் வாங்கிய காசு இது. மீட்டரே போடவில்லை. ஏன் என்று கேட்டால், மழை பெய்கிறது, வேறு வண்டி கிடைக்காது என்கிறார். அது உண்மைதான், அதனால்தான் இன்னும் வயிறு எரிகிறது. அந்தக் காசுக்கு இரண்டு வேளை வயிறாரச் சாப்பிட்டிருப்பேன். போகும்போது நடந்துதான் போனேன். வரும்போதும் நனைந்துகொண்டே நடந்திருக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அயர்லாந்துக்குப் போகிறவர்கள் டப்ளினைப் பார்ப்பார்கள், மேற்குக் கடற்கரையில் மோஹர் செங்குத்துப் பாறைகளைப் பார்ப்பார்கள். எனக்குக் கிடைத்தது நான்கே நாள். அதில் ஒரு முழு நாளை, 3,000 பேர்கூட இல்லாத பாய்லுக்குக் கொடுத்தேன். காரணம் கிறிஸ் ஓ'டவுட். 'தி ஐடி க்ரௌட்' தொடரில் ராய் என்ற கணினி ஊழியராக வருவாரே, 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' படத்தில் நல்ல மனசுள்ள போலீஸ்காரராக வருவாரே, அந்த நெட்டை மனிதர். உலகத்துக்கு அவர் நடிகர். எனக்கு அவர் 'மூன் பாய்' என்ற தொலைக்காட்சித் தொடரை எழுதியவர். அவர் வளர்ந்த ஊர் இந்த பாய்ல்.

டப்ளின் கொனொலி நிலையத்தில் ஸ்லைகோ ரயிலைப் பிடித்தால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். வழியெங்கும் பச்சை வயல், பசுக்கள், மழை. பாய்லில் இறங்கி ஊருக்குள் நடந்ததும் நான் பார்த்தது கடைகளின் பெயர்ப்பலகைகளைத்தான். 'மூன் பாய்' பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். தொடரில் சிறுவன் மார்ட்டினின் அப்பா பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்பவர். ஓ'டவுட்டின் சொந்த அப்பாவும் அதே தொழில் செய்தவர். எந்த எழுத்தை யார் எழுதியது என்று எனக்கு எப்படித் தெரியும்? இருந்தாலும் ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

ஓ'டவுட் நடிப்புக்கு வந்த வழி நேரானதல்ல. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் அரசியல் படிக்கப் போனார், பட்டம் வாங்கவில்லை. லண்டனில் நாடகப் பள்ளியில் சேர்ந்தார், அதையும் முடிக்கவில்லை. அயர்லாந்துத் தொலைக்காட்சியில் 'தி கிளினிக்' தொடரில் நடித்தார், 2006-இல் 'தி ஐடி க்ரௌட்' வந்தது. 2010-இல் ஸ்கை தொலைக்காட்சி, தெரிந்த முகங்களின் சிறுவயதுக் கதைகளைக் கிறிஸ்துமஸுக்குக் குறும்படங்களாக எடுத்தது. அதற்கு அவர் எழுதிய சின்னக் கதைதான் 'மூன் பாய்' தொடருக்கு விதை. நிக் வின்சென்ட் மர்ஃபியோடு சேர்ந்து அதைத் தொடராக வளர்த்தார். 2012 முதல் 2015 வரை மூன்று பருவங்கள், மொத்தம் 18 பகுதிகள். 2013-இல் நகைச்சுவைக்கான சர்வதேச எம்மி விருதும் கிடைத்தது.

ஆனால் எனக்கு விருது பெரிதில்லை. 2011-இல் 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' ஓடு ஓடென்று ஓடியது. ஹாலிவுட் கூப்பிடும் அந்த நேரத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து, 1989-இல் தன் சொந்த ஊர்ப் பையன் ஒருவன் எப்படி வளர்ந்தான் என்று எழுதுகிறார். ஊரின் பெயரைக்கூட மாற்றவில்லை. படப்பிடிப்பில் ஒரு பகுதியை இங்கேயே நடத்தினார்கள். மூன்று அக்காக்களிடம் மாட்டிக்கொண்ட மார்ட்டினுக்கு, கண்ணுக்குத் தெரியாத நண்பன் ஒருவன். அவன் பெயர் ஷான். அந்த ஷானாக நடிப்பது ஓ'டவுட்தான். வளர்ந்த மனிதர் திரும்பிப்போய், தன் சிறுவயதின் பக்கத்தில் நின்றுகொள்கிறார்! இதை யோசித்தவருக்கு நடிப்பு விருதுகளை விடப் பெரிதாக ஏதாவது கொடுக்க வேண்டும். 1990-இல் மேரி ராபின்சன் அயர்லாந்தின் முதல் பெண் குடியரசுத் தலைவரான தேர்தல்கூட, அந்தத் தொடரில் ஒரு வீட்டுச் சமையலறை வழியாகத்தான் வருகிறது.

ஹாலிவுட் அவரைப் பாதிதான் பயன்படுத்தியது என்பது என் கருத்து. எப்போது பார்த்தாலும் இனிமையான நண்பன், இனிமையான காதலன். 2014-இல் பிராட்வேயில் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாடகத்தில் லென்னி என்ற பாத்திரத்தில் நடித்து, நாடகத்துக்கான டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அதே ஆண்டு 'கால்வரி' படத்தில், ஸ்லைகோ கடற்கரை ஊர் ஒன்றில் கசாப்புக்காரராக வருகிறார். அதைப் பாருங்கள், எவ்வளவு கனமான நடிகர் என்று தெரியும்.

இப்போது சாப்பாடு. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உணவகம். மீனும் உருளைக்கிழங்கும் போட்ட கெட்டியான சௌடர் சூப், கூடவே பழுப்பு நிற சோடா ரொட்டி, உப்பு வெண்ணெய். 9 யூரோ. குளிரில் நனைந்து வந்தவனுக்கு அமிர்தம். கடைக்கார அம்மா, இவ்வளவு தூரத்திலிருந்து எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டு இன்னும் இரண்டு துண்டு ரொட்டி கொண்டுவந்து வைத்தார், அதற்குக் காசும் வாங்கவில்லை. டாக்சியில் போன காசு மனசிலிருந்து பாதி இறங்கியது அப்போதுதான்.

பார்க்க வேண்டியவை என்று ஒரு வரிசை தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். 1161-இல் தொடங்கிய, சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம் கட்டாயம். கூரை போனாலும் தூண்களும் வளைவுகளும் நிற்கின்றன. 18-ஆம் நூற்றாண்டின் கிங் ஹவுஸ் மாளிகைக்கு ஒரு மணி நேரம் போதும். லாக் கீ ஏரியின் நடுத்தீவில் இடிந்த கோட்டை தெரியும். படகுக்குக் காசு கொடுக்க மனம் வராமல் கரையிலேயே நின்று பார்த்தேன், அதுவே அழகுதான். அப்புறம், தார்சான் படங்களில் ஜேனாக நடித்த மொரீன் ஓ'சல்லிவன் 1911-இல் பிறந்ததும் இதே பாய்லில்தான். இத்தனை சின்ன ஊரிலிருந்து இரண்டு பேர்!

போகிறவர்கள் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்கு டாக்சி வேண்டுமென்றால் மீட்டர் போட்ட பிறகு ஏறுங்கள். திரும்பும் ரயில் நேரத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். நான் அரை மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்கு வந்து, மழை விட்ட நடைமேடையில் நின்று, நிலையப் பெயர்ப்பலகையையும் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.