அத்தை உள்ள இருக்காங்க சார்

"அத்தை உள்ள இருக்காங்க சார், அவங்களால எந்திரிக்க முடியாது." போன்ல அந்தம்மா சொன்ன இந்த ஒரு வரி இன்னும் என்னை விட மாட்டேங்குது. அதுவரைக்கும் எல்லாம் சரியா செஞ்சிருந்தாங்க, கேஸ் வாசனை வந்ததும் சிலிண்டர் ரெகுலேட்டர மூடி, ஜன்னல் கதவெல்லாம் தெறந்து விட்டு, எந்த சுவிட்சையும் தொடாம மாடிப்படி கிட்ட வந்து நின்னுதான் பேசுனாங்க. மூடியும் வாசனை போகலன்னாங்க.

கேஸ் லீக் எமர்ஜென்சி போன்ல உக்கார்ற எங்களுக்கு மனப்பாடமான விஷயம், வெளில வந்தவங்கள திரும்ப உள்ள அனுப்பக் கூடாது. ஆனா நான் கேட்டது, "கட்டில்லயா, தரையிலயா?" "தரையில மெத்தை போட்டு சார்." எல்பிஜி, அதான் சமையல் கேஸ், காத்த விட கனம், தரையோட தேங்கும், காத்துல 2 சதவீதம் கலந்தாலே பத்திக்கும். நிக்கிறவங்களுக்கே மூக்குல ஏறுதுன்னா கீழ படுத்திருக்கவங்கள நினைச்சுப் பாருங்க.

"போங்கம்மா. பக்கத்து வீட்ல ஒருத்தர கூட்டிக்கோங்க, மெத்தையோட இழுத்துட்டு வந்துடுங்க. எரியிற லைட் எரியட்டும், போன வெளியவே வச்சிட்டு போங்க." இதான் நான் சொன்னது.

கீழ இருக்கற கரண்ட் மெயின ஆஃப் பண்ணச் சொல்லியிருக்கலாமோன்னு அப்பப்போ தோணும். ஃப்ரிட்ஜ் தானா ஓட ஆரம்பிக்கறப்ப உள்ள ஒரு பொறி வரும், அதுவே போதும். ஆனா மெயின் போனா வீடே இருட்டு, இருட்டுல ஒரு வயசானவங்கள எப்படி இழுத்துட்டு வர்றது, பழக்கத்துல யாராவது செல்போன் டார்ச்ச தட்டியிருந்தா?

பத்திரமா வந்துட்டாங்க. மெக்கானிக் போய் பார்த்தா சிலிண்டர் வால்வுக்குள்ள இருக்கற வாஷர் விரிசல் விட்டிருக்கு, ரெகுலேட்டர மூடுனப்பவே லீக் நின்னுடுச்சு, அப்புறம் வந்தது ஏற்கனவே தேங்குன வாசனை. ஆனா அது அப்ப எனக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது.

எங்க சீனியர் மெக்கானிக் அண்ணன் சொன்னார், "ஒண்ணும் ஆகலங்கறதால நீ சொன்னது சரின்னு ஆயிடாதுப்பா. ஒருத்தர் இருந்த எடத்துக்கு இன்னும் ரெண்டு பேர அனுப்பியிருக்க. ஃபயர் சர்வீஸுக்கு 101 அடிச்சிருக்கணும்." நியாயம்தான். நான் வேணாம்னு சொல்லியிருந்தாலும் அந்தம்மா போயிருப்பாங்க, போறப்ப எத தொடக் கூடாதுன்னு தெரியாமலே போயிருப்பாங்க, அப்படித்தான் என்னை நானே சமாதானம் பண்ணிக்கறேன், ஆனா நிஜமாவே போயிருப்பாங்களா, இல்ல நான் போங்கன்னதாலதான் போனாங்களா?

இப்பல்லாம் போன எடுத்ததும் உள்ள நடக்க முடியாதவங்க யாராவது இருக்காங்களான்னுதான் மொதல்ல கேக்கறேன். அண்ணனுக்கு அதுவும் பிடிக்கல. கேஸ் வாசனைக்குள்ள நிக்க வச்சு கேள்வி கேக்காத, மொதல்ல வெளில வர வைங்கறார். வந்தப்புறம் கேட்டா மறுபடி உள்ள அனுப்பணுமேண்ணேங்கறேன். ரெண்டு பேருக்கும் இதுல இன்னும் ஒரு முடிவு வரல.