லாயிட் சதுக்கத்து இரட்டை வீடு: முக்கோண முகப்பு ஒருவழியாகச் சேர்ந்தது

முகப்பின் இடது மூலையில் கார்னிஸ் (சுவரின் மேல்விளிம்பில் வெளியே நீட்டி ஓடும் அலங்காரப் பட்டை) இரண்டும் மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் சேர்ந்துவிட்டன. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன், நிழல் ஒரே கோடாகத் திரும்புகிறது. நான் செய்துவரும் இந்தச் சிற்றளவு வீட்டு மாதிரியில் என்னை இவ்வளவு இழுத்தடித்த வேலை வேறு இல்லை. அதனால் இதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டது லண்டன் கிளார்க்கன்வெல்லில் உள்ள லாயிட் சதுக்கத்தின் ஒரு ஜோடி வீடு. 1:43.5 அளவு, அதாவது நிஜ வீட்டில் 43.5 மி.மீ. இருப்பது மாதிரியில் 1 மி.மீ. ஜான் பூத்தும் அவர் மகன் வில்லியம் ஜோசப் பூத்தும் வடிவமைத்தவை. ரீஜன்சி (மன்னருக்குப் பதிலாக இளவரசர் பிரிட்டனை ஆண்ட காலம்) என்பது கறாராகப் பார்த்தால் 1811 முதல் 1820 வரைதான்; இவை அதற்குச் சற்றுப் பின்னால் எழுந்தவை, பாணி மட்டும் அதே பாணி. அக்கால லண்டன் சதுக்கம் என்றாலே நீண்ட வரிசை வீடுகள், கூரையை மறைக்கும் கைப்பிடிச்சுவர். இங்கே இரண்டிரண்டு வீடுகளாகச் சேர்த்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே அகலமான முக்கோண முகப்பைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். வாசல்கள் முகப்பில் இல்லை. ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே உள்வாங்கிய இணைப்புப் பகுதிக்குப் போய்விட்டன. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே பெரிய கிரேக்கபாணி மாளிகை. கிரேக்கக் கோயிலில் முக்கோண உச்சிக்கு நேர்கீழே இரு தூண்களுக்கு நடுவிலான வெளி இருக்கும். இங்கே அதே இடத்தில் பொதுச்சுவர் நிற்கிறது. நடுவில் வெறும் செங்கல்லை விட்டு அழகாக்கிக் காட்டுவதற்குத் துணிச்சல் வேண்டும். இந்த வீடுகளை எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

சரி, மூலைக்கு வருவோம். பக்கச்சுவரின் மேல் கார்னிஸ் மட்டமாக ஓடிவருகிறது. முன்பக்கக் கார்னிஸ் அதே மூலையிலிருந்து சாய்வாக ஏறுகிறது. என் வரைபடத்தில் சாய்வு 14 டிகிரி. இரண்டுக்கும் ஒரே பட்டையைப் போட்டால் எந்த மைட்டர் வெட்டுக்கும் (மூலையில் இரு பட்டைகள் சேர முனைகளைச் சாய்வாக அறுப்பது) அடங்காது. வெளி விளிம்பைச் சேர்த்தால் உள்வரிகள் விலகும், உள்வரியைச் சேர்த்தால் விளிம்பு படி போல நிற்கும். கோணத்தை மாற்றி மாற்றி அறுப்பதில் பயனே இல்லை. பட்டையின் வடிவமே மாற வேண்டும். மூலையை விட்டு வெளியே நீட்டிய தூரத்துக்கும் சேர்த்துச் சாய்வுப் பட்டை ஏறியாக வேண்டும் அல்லவா? அதனால் அதன் உயரம் கூடுகிறது. கணக்கு இதுதான்: மட்டப் பட்டையின் உயரத்தை சாய்வின் கொசைனாலும், நீட்டத்தை சைனாலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். உயரம் 4 மி.மீ., நீட்டம் 4 மி.மீ. என்றால் சாய்வுப் பட்டை சுமார் 4.85 மி.மீ. ஐந்தில் ஒரு பங்கு அதிகம்! பழைய தச்சர்கள் சாய்வுக் கார்னிஸுக்குத் தனியாக வடிவம் வரைந்து தனி இழைப்புளியால் இழைத்ததற்குக் காரணம் இதுவே.

எனவே பித்தளைத் தகட்டில் இரண்டு சுரண்டிகள் அரம்போட்டு எடுத்தேன், ஒன்று மட்டத்துக்கு, ஒன்று சாய்வுக்கு. அடுக்கி ஒட்டிய ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) பட்டைமேல் ஒரே திசையில், அழுத்தாமல் இழுக்க வேண்டும். தகட்டைச் செங்குத்தாகப் பிடித்தால் அலை அலையாகத் தடம் விழுகிறது. இழுக்கும் பக்கம் லேசாகச் சாய்த்துப் பிடித்தால் பளிங்கு மாதிரி வருகிறது. அப்புறம் 14 டிகிரி ஆப்புக்கட்டை ஒன்று செய்து, சாய்வுப் பட்டையை அதன்மேல் வைத்து, ரம்பத்தை நிமிர்த்தியே 45 டிகிரியில் அறுத்தேன். உப்புத்தாளை வெட்டுமுகத்தில் காட்டவே கூடாது, முனை மழுங்கிவிடும். உச்சியில் சிக்கல் இல்லை. இரு பக்கமும் ஒரே வடிவம்தானே, நேர்வெட்டு போதும்.

சுவரில் ஒட்டும் செங்கல் வடிவத் தாள் விஷயத்தில் மட்டும் வயிற்றெரிச்சல். ஃப்ளெமிஷ் பாண்ட் என்ற செங்கல் அடுக்குமுறையைக் கேட்டு வாங்கிய கடையிலிருந்து இங்கிலீஷ் பாண்ட் என்ற வேறு முறை வந்து சேர்ந்தது. ஒரு வரி முழுக்க ஹெட்டர் (செங்கல்லின் குறுகிய முனை தெரிவது), அடுத்த வரி முழுக்க ஸ்ட்ரெச்சர் (நீளப்பக்கம் தெரிவது). அந்தக் காலத்து லண்டன் வீட்டு முகப்பில் ஒவ்வொரு வரியிலும் இரண்டும் மாறி மாறித்தான் வரும். திருப்பி அனுப்பிவிட்டேன். மஞ்சள் ஸ்டாக் செங்கல்லுக்கான (லண்டன் வீடுகளின் வழக்கமான செங்கல்) நிறக் கலவை தயாராகக் காத்திருக்கிறது.

ஜன்னலையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அக்காலச் சாஷ் ஜன்னலின் (மேலும் கீழும் நகர்த்தித் திறப்பது) கண்ணாடிகளுக்கு இடையிலான குறுக்குச் சட்டம் 16 மி.மீ. அளவுக்கு மெல்லியது, என் அளவில் 0.37 மி.மீ. ஸ்டைரீனை அத்தனை மெலிதாக அறுத்தால் வளைகிறது. வண்ணமேற்றிய நூலை இழுத்துக் கட்டிப் பார்க்கப்போகிறேன். 1774 லண்டன் கட்டடச் சட்டப்படி ஜன்னல் பெட்டி (ஜன்னலைத் தாங்கும் மரச்சட்டம்) செங்கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். ஆகவே வெளித்தாளில் துளையைச் சிறிதாகவும் உள்தாளில் பெரிதாகவும் வெட்டினாலே அந்த ஆழம் கிடைத்துவிடும்.

லாயிட் சதுக்கம் அடங்கிய இதே எஸ்டேட்டின் வார்ட்டன் தெருவில் இப்படிப்பட்ட ஜோடிகள் சரிவில் இறங்கிக்கொண்டே போகும். அடுத்தது அதுதான். சுரண்டிகள் கைவசம் இருக்கின்றன, சரிவான அடித்தளத்துக்குப் பலகையும் வாங்கியாயிற்று. இந்த ஜோடிக்கு வலது மூலையும் இரண்டு வாசல்களும் பாக்கி.