நெல் மூடைக் கணக்கும் அட்சரகணித நிறுவலும்

கடந்த பெரும்போக அறுவடையின்போது, அக்கரைப்பற்றில் மாமாவின் வயல் நெல்லை மூடைகளாகக் கணக்கிடுவதற்கு நான் எழுதிக் கொடுத்த சிறிய செய்நிரல், பின்னர் மூன்று மாத மாலைப் பொழுதுகளை எடுத்துக்கொண்டது. மொத்த நெல்லிலிருந்து 65 கிலோவைத் திரும்பத் திரும்பக் கழித்து, ஒவ்வொரு கழித்தலுக்கும் ஒரு மூடையைக் கூட்டுவதே அதன் வேலை. 1000 கிலோவுக்கு 15 மூடையும் 25 கிலோ மீதியும் என்று சரியாகவே சொன்னது. ஆனால் பத்து எண்களைக் கொடுத்துப் பார்ப்பது நிறுவலாகாது என்பதால், எல்லா எண்களுக்கும் அது சரியென்று இசபெல் என்ற நிறுவல் மென்பொருளில் காட்ட முனைந்தேன்.

முன்நிபந்தனை (கட்டளைக்கு முன் உண்மையாக இருக்க வேண்டியது), கட்டளை, பின்நிபந்தனை (அது முடிந்தபின் உண்மையாக இருக்க வேண்டியது) என்ற, கணினி அறிஞர் டோனி ஹோரின் 1969ஆம் ஆண்டு முறையை நேரடியாகப் பயன்படுத்தாமல், 1997இல் கணினி அறிஞர் டெக்ஸ்டர் கோசன் விவரித்த, சோதனைகளோடு கூடிய கிளீனி அட்சரகணிதத்தின் வழியாகச் சென்றேன். கட்டளைகளையும் உண்மையா பொய்யா என்ற சோதனைகளையும் குறியீடுகளாக்கிக் கணக்கிடும் முறை அது. அதில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது பெருக்கல். இரண்டில் ஒன்றைத் தெரிவது கூட்டல். எத்தனை தடவையும் திரும்பச் செய்வது நட்சத்திரக் குறி. முன்நிபந்தனையையும் கட்டளையையும் பின்நிபந்தனையின் மறுப்பையும் பெருக்கினால் பூச்சியம், அதாவது ஒருபோதும் நிகழாதது, வரவேண்டும் என்பதே சரித்தன்மை. ஹோர் ஒரு விதியாக வைத்ததை இங்கே ஒரு சமன்பாடாகச் சுருக்க முடிவது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

சுழற்சிக்கான விதியில் இரண்டு வாரம் நின்றுவிட்டேன். மா என்பது சுழற்சியில் மாறாமல் நிற்க வேண்டிய கூற்று, செ என்பது சுழற்சியின் உள்ளே இருக்கும் கட்டளை, ≤ என்பது இடப்பக்கம் செய்வதெல்லாம் வலப்பக்கத்திலும் அடங்கும் என்பது. மா·செ ≤ செ·மா எனில் மா·செ* ≤ செ*·மா என்று காட்ட வேண்டும். நட்சத்திரத்துக்கு இடப்பக்கம், வலப்பக்கம் என இரண்டு தொகுத்தறி விதிகள், அதாவது ஒரு தடவைக்குக் காட்டியதை எத்தனை தடவைக்கும் நீட்டும் விதிகள், உள்ளன. நான் இடப்பக்க விதியையே பிடித்துக்கொண்டிருந்தேன். பெருக்கலின் ஒழுங்கை மாற்ற முடியாத இந்த அட்சரகணிதத்தில், மா·செ* என்பதில் நட்சத்திரம் வலப்புறம் நிற்பதால் வலப்பக்க விதிதான் பொருந்தும். அதைப் போட்டதும் நிறுவல் நான்கு வரிகளில் முடிந்தது.

ஆனால் மாறிக்கு மதிப்பளிக்கும் கட்டளைகளை இந்த அட்சரகணிதம் தன்னளவில் அறியாது. அவற்றை நிலைகளுக்கிடையிலான தொடர்புகளாக எழுதி, நெல் = எண்ணிக்கை × மூடை நிறை + மீதி என்பதைச் சுழற்சி முழுவதும் மாறாமல் நிற்கும் கூற்றாக வைத்தேன். இசபெல் ஏற்கவில்லை. அதன் எதிருதாரணம் தேடும் வசதி, நெல் 0, எண்ணிக்கை 0, மீதி 0, மூடை நிறை 1 என்று காட்டியது. இயற்கையெண்களில் 0 இலிருந்து 1 ஐக் கழித்தால் இசபெல்லில் 0 தான் வரும்; எண்ணிக்கையோ 1 ஆகிவிடும்; அப்போது 0 = 1 என்றாகும். மூடை நிறை மீதியைவிட அதிகமில்லை என்ற சுழற்சி நிபந்தனையை, உள்ளே இருக்கும் கட்டளைகளின் முன்நிபந்தனையில் சேர்க்க நான் மறந்திருந்தேன். சேர்த்ததும் நிறுவல் நிறைவேறியது.

அதன்பின் மூடை நிறையை 0 என்று கொடுத்துப் பார்த்தேன். செய்நிரல் முடிவில்லாமல் சுற்றியது. நிறுவலோ அப்படியே செல்லுபடியாக இருந்தது. ஏனெனில், செய்நிரல் முடிந்தால் விடை சரியாக இருக்கும் என்பதை மட்டுமே அந்தச் சமன்பாடு சொல்கிறது. முடியும் என்று அது சொல்வதில்லை. எனவே மூடை நிறை பூச்சியத்திலும் பெரிது என்பதை முன்நிபந்தனையாக்கி, ஒவ்வொரு சுற்றிலும் மீதி குறைகிறது என்பதைத் தனித் தேற்றமாக நேற்றிரவு நிறுவி முடித்தேன்.