மிடில் எர்த்துக்கு அரை நாள் வேன் பயணம்

மிடில் எர்த் என்ற கற்பனை உலகத்தில் நடக்கும் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தின் முதல் பாகத்துக்கு 2002இல் மதுரையில் என்னைக் கூட்டிப்போனது அண்ணன்தான். அவன் அதற்கு முன்பே புத்தகத்தைப் படித்து முடித்திருந்தான். படம் முழுக்க என் காதில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தவன், ஒரே ஒரு இடத்தில் மட்டும் பேச்சை நிறுத்தினான். காட்டுப் பாதையில் நடந்து வரும் ஹாபிட்கள் என்ற நான்கு குட்டை மனிதர்கள், குளம்புச் சத்தம் கேட்டதும் பாதையை விட்டுக் குதித்து ஒரு பெரிய மரத்தின் வேருக்கு அடியில் ஒடுங்கிக்கொள்வார்கள். மேலே கறுப்புக் குதிரை வந்து நிற்கும். மண்ணிலிருந்து புழுவும் பூரானும் ஊர்ந்து வெளியே வரும். அந்த நேரம் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் நினைவில் இருக்கிறது.

போன மே மாதம் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

மனைவியின் தம்பி நியூசிலாந்தின் வெலிங்டனில் வேலை பார்க்கிறான். பள்ளி விடுமுறைக்கு அவன் வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தோம். நமக்குக் கத்திரி வெயில், அவர்களுக்குக் குளிர் தொடங்கும் காலம். படப்பிடிப்பு இடங்களைச் சுற்றிக்காட்டும் அரை நாள் பயணத்துக்கு எனக்கும் மகளுக்கும் அவனே பதிவு செய்து வைத்திருந்தான். காலை எட்டரைக்கு வேன் வந்தது. மொத்தம் ஒன்பது பேர். வழிகாட்டியும் ஓட்டுநரும் ஒருவரே. முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும், வெலிங்டனிலேயே பிறந்து வளர்ந்தவர். 'கியா ஓரா' என்று நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழியில் வணக்கம் சொல்லி, ஆளுக்கொரு கம்பளி அங்கி கொடுத்தார். மகள் அதை அப்போதே போட்டுக்கொண்டு, மதியம்வரை கழற்றவே இல்லை.

முதலில் விக்டோரியா மலை. மாவோரிப் பெயர் மாட்டாயிராங்கி. மலை என்று பெயர்தானே ஒழிய உயரம் 196 மீட்டர்தான், நகரின் நடுவிலேயே இருக்கிறது. உச்சியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. கீழே ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் பேசின் ரிசர்வ் கிரிக்கெட் மைதானம். அந்த மைதானம் இருக்கும் இடம் ஒருகாலத்தில் சதுப்பு. 1855 நிலநடுக்கத்தில் தரை உயர்ந்து நீர் வடிந்த பிறகுதான் அங்கே மைதானம் வந்ததாம். இந்த ஊரில் எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு கடைசியில் நிலநடுக்கத்தில் வந்து நிற்கிறது.

உச்சியிலிருந்து கொஞ்சம் இறங்கி ஒரு மண் பாதையில் நடக்க ஆரம்பித்தோம். இரண்டு பக்கமும் பைன் மரங்கள். காலடியில் உதிர்ந்த ஊசி இலைகள் மெத்தை மாதிரி கிடக்கின்றன. நடக்கிற சத்தம் நமக்கே கேட்கவில்லை. நாயோடு ஓடுகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். நகரத்து ஆட்கள் காலையில் ஓடுகிற சாதாரணப் பாதைதான் அது. ஒரு வளைவில் வழிகாட்டி நின்று, பையிலிருந்து லேமினேட் செய்த ஒரு படத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். "இந்தப் பாதை எங்கே வளைகிறது என்று பாருங்கள். அப்புறம் அந்த இரண்டு மரங்களையும் பாருங்கள்."

பார்த்தேன். படத்தில் இருக்கும் வளைவும் எதிரே இருக்கும் வளைவும் ஒன்று. படத்தில் மெல்லிசாக இருந்த மரங்கள் இப்போது பருத்திருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். சட்டென்று அந்தக் குளம்புச் சத்தமே காதில் விழுந்த மாதிரி இருந்தது.

மூன்று படங்களுக்கும் சேர்த்து மொத்தமாக நடந்த படப்பிடிப்பு தொடங்கியது 1999 அக்டோபர் 11ஆம் தேதி. அன்றைக்கு முதலில் எடுத்ததே இந்தக் காட்சிதான். அதற்குப் பிறகு அடுத்த வருடம் டிசம்பர்வரை 274 நாட்கள் எடுத்தார்கள். இயக்குநர் பீட்டர் ஜாக்சன் இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் புக்கெருவா பே என்ற கடலோர ஊரில் வளர்ந்தவர். உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போய்த் தொடங்கியிருக்கலாம். தன் வீட்டுக்குப் பக்கத்தில், நகரப் பேருந்து வந்து போகும் மலையில் தொடங்கினார். இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பாதைக்குக் கீழே ஒரு பள்ளம். நான்கு பேரை அதில் இறங்கி ஒடுங்கச் சொன்னார் வழிகாட்டி. நானும் மகளும் முதல் ஆட்களாக இறங்கினோம். ஈர மண் வாசனையும் பைன் பிசின் வாசனையும் கலந்து வந்தன. தலைக்கு மேலே பார்த்தேன். வானமும் கிளைகளும் தெரிந்தன. அந்த வேரைக் காணோம். அது கலைஞர்கள் செய்து கொண்டுவந்து வைத்த வேர். காட்சி முடிந்ததும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவர் பாதையில் நின்று பழைய கோணத்திலேயே எங்களைப் படம் எடுத்தார். மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மலையிலிருந்து இறங்கி வடக்கே நெடுஞ்சாலையில் போகும்போது வட்டமான ஒரு விளையாட்டரங்கம் வந்தது. கேக் சுடும் தகரம் மாதிரி இருப்பதால் ஊரார் அதைக் 'கேக் டின்' என்றே சொல்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் ஓர்க்குகள் என்ற கொடூர உருவங்கள் ஆயிரக்கணக்கில் கோட்டைக்கு முன்னால் நின்று போர்க்குரல் எழுப்புகிறார்களே, அந்தக் குரல் இங்கேதான் பதிவானது. 2002 பிப்ரவரியில் நியூசிலாந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஒருநாள் போட்டி. இடைவேளையில் பீட்டர் ஜாக்சன் மைதானத்துக்குள் இறங்கி, திரையில் ஓர்க்குகளின் மொழியில் சொற்களைப் போட்டு, கூடியிருந்த சுமார் 25,000 பேரையும் கத்தச் சொன்னார். காலால் தரையை மிதிக்கச் சொன்னார், நெஞ்சில் அடித்துக்கொள்ளச் சொன்னார். பள்ளி மாணவனாக அப்பாவோடு அந்தக் கூட்டத்தில் இருந்தாராம் எங்கள் வழிகாட்டி. படம் வந்தபோது தன் குரல் எது என்று கண்டுபிடிக்க ஐந்து தடவை தியேட்டருக்குப் போனதாகச் சொன்னார். சொல்லும்போது கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன், அந்தப் பையன் அப்படியே தெரிந்தான்.

கடலை ஒட்டியே சாலை போகிறது. அப்புறம் ஹட் பள்ளத்தாக்கு. வழிகாட்டி வேனுக்குள் ஒரு பையைச் சுற்றவிட்டார். உள்ளே போர்வீரர்கள் அணியும் வளையச் சங்கிலிச் சட்டையின் ஒரு துண்டு. மகள் கையை நன்றாகத் தாங்கலாக வைத்துத்தான் வாங்கினாள். வாங்கியதும் கை மேலே எழும்பியது, அவ்வளவு லேசு. இரும்பே இல்லை. பிளாஸ்டிக் குழாயைச் சின்னச் சின்ன வளையமாக நறுக்கி, ஒவ்வொன்றாகக் கையால் கோத்து, மேலே உலோகப் பூச்சு கொடுத்தது. வெலிங்டனின் மிராமார் பகுதியில் இருக்கும் வேட்டா பட்டறைக்காரர்கள் இப்படி இலட்சக்கணக்கில் வளையங்களைக் கோத்திருக்கிறார்கள். திரையில் இரண்டு நொடி வந்து போகிற ஒரு வீரனின் தோளுக்காகவும் யாரோ ஒருவர் உட்கார்ந்து கோத்திருக்கிறார். நகம் நுழையாத வளையங்களை விரலால் தடவிப் பார்த்தபோது, ஊரில் பூக்கட்டும் பாட்டிகளின் விரல்கள் நினைவுக்கு வந்தன.

வழியில் ஒரு கல் குவாரி, டிரை க்ரீக். ஓர்க்குகள் முன்னால் நின்று கத்தும் அந்த ஹெல்ம்ஸ் டீப் கோட்டையைக் கட்டியது இங்கேதான், பிறகு அதே இடத்தில் மூன்றாம் பாகத்தின் மினாஸ் திரித் நகரத்தையும் கட்டினார்கள். ஹெல்ம்ஸ் டீப் சண்டை, செயற்கை மழையில் இரவு இரவாகப் பல வாரங்கள் நின்று எடுத்தது. சாலையிலிருந்து பார்த்தால் வெட்டிய பாறைச் சரிவு மட்டும் தெரிகிறது. வேன் வேகத்தைக் குறைத்தது, நிற்கவில்லை.

அடுத்து அப்பர் ஹட் ஊரில் ஹார்கோர்ட் பூங்கா. குழந்தைகள் சறுக்கு விளையாடும் பூங்கா, பெரிய மரங்கள், நல்ல புல்தரை. மந்திரவாதிகள் கண்டால்ஃபும் சாருமானும் பேசிக்கொண்டே நடந்து போகும், சாருமானின் இடமான ஐசன்கார்ட் தோட்டம் இதுதான். புல்லை எடுத்துவிட்டுச் சரளைப் பாதை போட்டு, படப்பிடிப்பு முடிந்ததும் பாதையை எடுத்துவிட்டு மறுபடி புல் வளர்த்திருக்கிறார்கள். லேமினேட் படத்தைப் பிடித்துக்கொண்டு அந்த மரத்துக்கும் இந்த மரத்துக்கும் நடுவே நடந்து பார்த்தேன். பாதை போன தடம் துளிகூட இல்லை. ஒரு பாட்டி பேரனைத் தள்ளுவண்டியில் வைத்து அதே புல்லின் மேல் தள்ளிக்கொண்டு போனார்.

இந்தப் பூங்காவில் இன்னொன்றும் இருக்கிறது. தரை படிக்கட்டு மாதிரி ஏறி இறங்குகிறது. வெலிங்டன் நிலப்பிளவு இதன் வழியாகத்தான் போகிறது. ஆறு உண்டாக்கிய மேடுகளை ஒவ்வொரு நிலநடுக்கமும் நகர்த்தி வைத்திருக்கிறது. அதை நேரில் பார்க்க நிலவியல் படிப்பவர்கள் இங்கே வருவார்களாம்.

குட்டை மனிதர்களை எப்படிக் காட்டினார்கள் என்று வழிகாட்டி செய்து காட்டியதும் இந்தப் புல்தரையில்தான். மகளைக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தார். என்னைப் பத்தடி பின்னால் தள்ளி, தரையில். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிய வேண்டும் என்பதற்காக என் கண்ணை மகளைப் பார்க்காமல் அவளுக்கு இடப்பக்கம் இருந்த ஒரு மரத்தைப் பார்க்கச் சொன்னார். படத்தில் பன்னிரண்டு வயதுப் பெண் கண்டால்ஃப் ஆகிவிட்டாள், நான் அவள் முழங்கை உயரம். முதல் பாகத்தில் கண்டால்ஃபும் கதாநாயகனான ஹாபிட் ஃப்ரோடோவும் வண்டியில் போகும் காட்சியை இப்படித்தான் எடுத்தார்கள், ஃப்ரோடோவின் இருக்கையை நன்றாகப் பின்னால் தள்ளிவைத்து. தூரத்துக் காட்சிகளில் ஃப்ரோடோவாக நடந்தவர் கிரண் ஷா என்ற சண்டைக் கலைஞர், நைரோபியில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், உயரம் 126 சென்டிமீட்டர். இத்தனை வருடமாக நான் ஃப்ரோடோ என்று நினைத்துப் பார்த்த பல காட்சிகளில் அவர்தான் நடந்திருக்கிறார். அவர் பெயரை மகள் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

கடைசியாகக் கைடோக்கே காட்டுப் பூங்கா. படத்தில் எல்ஃபுகள் என்ற சாவில்லாத இனம் வாழும் ரிவன்டெல் இதுதான். அப்பர் ஹட்டிலிருந்து இன்னும் வடக்கே, மலை இறுகி வரும் இடத்தில் பக்குராட்டாஹி ஆறு ஹட் ஆற்றில் வந்து சேர்கிறது. வெலிங்டன் வட்டாரத்துக்குக் குடிநீர் இந்தப் பக்கத்திலிருந்துதான் போகிறது. விக்டோரியா மலையின் பைன் மரங்கள் வெளியிலிருந்து வந்தவை. இங்கே இருப்பது சொந்தக் காடு: ரீமு, ராட்டா, பீச் மரங்கள், அடியில் ஆளுயரப் பெரணிகள். மரம் முழுக்கப் பாசி, பாசி முழுக்கத் தண்ணீர். மழை பெய்யாமலே நனைந்தோம்.

வழிகாட்டி ஒரு பெரணி இலையைத் திருப்பிக் காட்டினார். மேல் பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. மாவோரிகள் இரவில் காட்டுக்குள் போகும்போது இலையை இப்படித் திருப்பிப் போட்டுவிட்டுப் போவார்களாம். நிலா வெளிச்சத்தில் மின்னித் திரும்பி வர வழி காட்டும். நியூசிலாந்து கிரிக்கெட் வீரர்களின் கறுப்புத் தொப்பியில் இருக்கும் இலை இதுதான் என்றதும் மகள் இன்னொரு இலையைத் தேடித் திருப்பிப் பார்த்தாள்.

ரிவன்டெல் மாளிகை நின்ற இடம் மரங்கள் சூழ்ந்த ஒரு சமதளம். படத்தில் கொட்டும் அருவிகள் பின்னால் சேர்த்தவை. நேரில் இருப்பது ஆற்றின் சலசலப்பு. ஒரு தகவல் பலகை இருக்கிறது. இரசிகர்களுக்காகப் பின்னாளில் ஒரு வளைவும் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், நாங்களும்தான். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு அந்தப் பக்கம் இருந்த வெறும் இடம். எல்ஃப் வீரன் லெகோலாஸ் வில்லோடு நிற்கும் புகழ்பெற்ற விளம்பரப் படத்தில் வரும் மரம் அப்படியே நிற்கிறது. மகள் மர வில்லை வாங்கி, அங்கியோடு அதன் அருகில் நின்றாள். மாட்டமாட்டா என்ற ஊரில் ஹாபிட்களின் ஹாபிட்டன் கிராமத்தை நிரந்தரமாகவே கட்டி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்க ஆசைதான். ஆனால் பொதுமக்களின் பூங்காவில் ஒரு மாளிகையை எழுப்பி, பிரித்து எடுத்து, காட்டைக் காடாகவே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்களே, அதை இங்கே வந்தால்தான் பார்க்க முடியும்.

ஆற்றோரம் மர மேசையில் தேநீரும், ஓட்ஸும் தேங்காயும் சேர்த்த ஆன்சாக் பிஸ்கட்டும் கிடைத்தன. விசிறி வாலோடு ஒரு குட்டிப் பறவை, பீவாக்கவாக்கா, எங்களைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. நாம் நடக்கும்போது கிளம்பும் பூச்சிக்காகக் கூடவே வருமாம்.

திரும்பும் வழியில் விளையாட்டரங்கம் மறுபடி வந்தபோது வழிகாட்டி கேட்காமலே வேனில் இருந்த எல்லோரும் காலால் தரையை மிதிக்க ஆரம்பித்தோம். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த வயதான தம்பதியும்கூட. வழிகாட்டி முன்னால் இருந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, நாங்கள் திருப்பிக் கத்தினோம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்கு ஒரு படம் அனுப்பினேன். பள்ளத்தில் நாங்கள் உட்கார்ந்த படம் இல்லை. அதில் ஆட்கள் இருந்தார்கள். நாங்கள் ஏறி வந்த பிறகு, யாரும் இல்லாமல் எடுத்தது: ஒரு மண் பாதை, ஒரு வளைவு, இரண்டு பைன் மரங்கள், கீழே ஒரு பள்ளம். எந்த ஊர், எந்த இடம் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அங்கே காலை ஏழு மணிகூட ஆகியிருக்காது.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. "வேர் எங்கடா?"