கழுவிவிட்ட புள்ளிகள்

ஆய்வுகூடத்தில் சேர்ந்த முதல் ஆறு மாதமும், திருகோணமலைக் கரைக்கு வந்த கணவாய்களைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவிய பிறகுதான் மேசைக்குக் கொண்டுபோவேன். கறிக்குக் கழுவிப் பழகிய கை. செவுளில் இருந்த மண்ணிறப் புள்ளிகளும் அதோடு போய்விடும். ஒருநாள் நேரமில்லாமல் ஒரு செவுளைக் கழுவாமலே நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். புள்ளிக்குக் கால்கள் இருந்தன.

நெற்றியிலிருந்து ஒரு நூல் கிளம்பிச் செவுளைப் பிடித்திருந்தது. பென்னெல்லா என்ற கோபிபொட்டின் இளம் பருவம் அது என்று எனக்கு மேலிருந்தவர் சொன்னார். இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணி. கணவாயின் செவுள் அதற்கு ஒரு தங்குமடம்தான். அங்கேயே வளர்ந்து, அங்கேயே சோடி சேர்ந்து, பிறகு பெண் மட்டும் புறப்பட்டு வாள்மீன் போன்ற பெரிய மீனைத் தேடிப் போகிறது. தலையைச் சதைக்குள் புதைத்துக்கொள்ளும். உடலும் முட்டைச் சரமும் வெளியே தொங்கும். திமிங்கிலத்தில் குடியேறும் இனம் 30 சென்ரிமீற்றருக்கும் மேல் வளரும். ஆறு மாதமாக இதைத்தான் நான் வடிகாலில் விட்டிருக்கிறேன். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் தேடித் தேடி வாசித்தேன். கிழக்குப் பசிபிக்கில், கடலடி வெந்நீர் ஊற்றுகளின் அருகே வாழும் ஒரு ஒக்டோபஸின் உடலிலும் கோபிபொட் ஒட்டுண்ணி இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அதற்குப் பெயர் வைத்தார்கள். இரண்டரைக் கிலோமீற்றருக்கும் கீழே, வெளிச்சமே படாத இடத்தில், இவ்வளவு சின்ன உயிர் தனக்கு ஒரு வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறது! எங்கள் துறைமுக வாயிலிலிருந்தும் ஒரு பள்ளத்தாக்கு கடலுக்கடியில் இறங்குகிறது. அந்த ஆழம் கிட்ட இருப்பதால்தான் கணவாய் தின்னும் பெருந்தலைத் திமிங்கிலங்கள் கரையருகே வருகின்றன. அங்குள்ள கணவாய்களின் செவுளில் என்னென்ன இருக்குமோ. கடலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்புத்தான்.

இப்போது முதலில் பார்க்கிறேன், பிறகுதான் கழுவுகிறேன். கழுவிய தண்ணீரையும் மெல்லிய வலையில் வடித்து, மிஞ்சியதை அற்ககோலில் போட்டு வைக்கிறேன்.

கணவாய் கொண்டுவரும் அண்ணர் ஒருவர் இதைக் கவனித்துவிட்டு, “என்ன தங்கச்சி, கணவாயை விட்டுட்டு ஊத்தையைப் பாக்கிறீங்க?” என்றார். கூப்பிட்டு நுணுக்குக்காட்டியில் காட்டினேன். பெரிதானால் எப்படித் தொங்கும் என்று தாளில் வரைந்தும் காட்டினேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது வாள்மீனில தொங்கிறதெல்லோ. நாங்க புழுவெண்டு பிடுங்கி எறிவம்.”

“இனி எறியாதீங்க அண்ணை.”

“சரி தங்கச்சி. அடுத்த முறை மீனோடயே கொண்டு வாறன்.”