துளசேந்திரபுரத்துக்கு ஆள் அனுப்பியாச்சா?

பதினாறு வருடமாக வெளிநாட்டுச் செய்திப் பக்கம் பார்க்கிறேன். தமிழ் நாளிதழ் ஒன்றின் சென்னை டெஸ்க். என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் "உலகத்தை எட்டு காலத்துக்குள் அடைக்கிற வேலை" என்பேன். காலம் என்றால் நேரம் இல்லை, பேப்பர் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடுகிற ஒரு பத்தி. விளம்பரம் போக ஐந்து காலம் மிஞ்சினால் அன்றைக்கு நல்ல நாள்.

2020 ஜனவரி முதல் வாரத்துப் பக்கம் ஒன்று பி.டி.எஃப். ஆக இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. 3-ஆம் தேதி பாக்தாத் விமான நிலையத்துக்கு வெளியே ஈரான் தளபதி காசிம் சுலைமானியை அமெரிக்க ட்ரோன் கொன்றிருந்தது. மூன்றாம் உலகப் போர் வரப்போகிறது என்று ஊரே வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் காடு எரிந்துகொண்டிருந்தது, கருகிய கோலாக் கரடிப் படம் வேறு. இந்தக் கூட்டத்துக்கு நடுவில் வந்தது செய்தி நிறுவனம் ஒன்று அனுப்பிய ஏஜென்சி காப்பி: சீனாவின் வூஹான் நகரில் 59 பேருக்குக் காரணம் தெரியாத நிமோனியா. 'சீனாவில் மர்மக் காய்ச்சல்' என்று தலைப்புக் கொடுத்து ஆறு வரி, சிங்கிள் காலம், பக்கத்தின் வலது கீழ் மூலையில் வைத்தேன். ராத்திரி பதினோரு மணிக்கு நகைக்கடை விளம்பரம் ஒன்று அவசரமாக வந்தது. சிட்டி எடிஷனில் அந்த ஆறு வரியும் போனது. எடுத்தது நான்தான், யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஜனவரி 23-ல் வூஹானை மூடினார்கள், 30-ஆம் தேதி உலக சுகாதார அமைப்பு அவசரநிலை அறிவித்தது, அதே நாளில் கேரளாவில் இந்தியாவின் முதல் தொற்று. அது முதல் பக்கத்துக்குப் போனது. என் பக்கத்தில் இந்த நோய் லீடாக, அதாவது பக்கத்தின் முதன்மைச் செய்தியாக, வந்தது எப்போது தெரியுமா? பிப்ரவரியில், ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் டைமண்ட் பிரின்சஸ் கப்பலை நிறுத்திவைத்தபோது. அதில் 3,711 பேர் இருந்தார்கள். அதனால் லீடாகவில்லை. அதில் 138 இந்தியர்கள் இருந்தார்கள், பெரும்பாலும் கப்பல் ஊழியர்கள், தமிழ்ப் பையன்களும் இருந்தார்கள். அதனால் லீடானது. எடிட்டோரியல் மீட்டிங்கில் முதல் கேள்வி எப்போதும் அதுதான்: "நம்மாளு யாராவது இருக்காங்களா?"

இந்தக் கேள்வியைக் கேலி செய்ய எனக்குத் தகுதி இல்லை. வருடக்கணக்காக நானே அதைக் கேட்டிருக்கிறேன். துபாயில் தீ என்றால் நம்மாளு, மலேசியாவில் வெள்ளம் என்றால் நம்மாளு. படிக்கிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் 2020-ல் அந்தக் கேள்வி கொரோனா, அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் தேர்வு என்ற இரண்டு பெரிய விஷயங்களில் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

நடுவில் வார்த்தைச் சண்டை ஒன்று ஓடியது. மார்ச் 11-ல் உலக சுகாதார அமைப்பு கோவிட்-19-ஐ உலகம் தழுவிய தொற்று என்று சொன்னதும் அதற்குத் தமிழில் என்ன போடுவது என்று டெஸ்கில் ஒரு மணி நேரம் வாக்குவாதம். நான் 'கொள்ளைநோய்' என்றேன், பழைய சொல், நம் பாட்டிகளுக்கும் புரியும். "வேணாம் தம்பி, கொள்ளைநோய்னு போட்டா ஜனம் அரண்டு போயிடும், காலரா காலம் மாதிரி இருக்கு" என்றார் சீனியர் ஒருவர். கடைசியில் 'பெருந்தொற்று' ஜெயித்தது. இப்போது யோசித்தால் ஜனம் கொஞ்சம் அரண்டிருக்கலாம் என்றுதான் படுகிறது. 'ஊரடங்கு' என்பது அதுவரை கலவரச் செய்திக்கு மட்டும் பயன்படுத்துகிற சொல். மார்ச் 24 ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் பேசி முடித்தபின் அது வீட்டுச் சொல்லாகிவிட்டது.

அதற்கு ஒரு வாரம் முன்னால், மார்ச் 16 காலை 5.30 மணி நம் நேரத்துக்கு, அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்குப் போட்டியிட்ட ஜோ பைடனும் பெர்னி சாண்டர்ஸும் விவாதம் செய்தார்கள். அரிசோனாவில் நடக்க வேண்டியதை நோய் பயத்தால் வாஷிங்டனில் ஸ்டுடியோவுக்கு மாற்றியிருந்தார்கள். பார்வையாளர்கள் கிடையாது. ஆறடி தள்ளி நின்றார்கள், கை குலுக்காமல் முழங்கையை முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். எனக்குக் காலை ஷிஃப்ட், வெப்சைட்டுக்கு உடனே போட வேண்டும். 'கை கொடுக்காத தலைவர்கள்' என்று படத்தோடு போட்டேன், நன்றாக ஓடியது. அந்த விவாதத்தில்தான், தனக்குத் துணை அதிபராக ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுப்பேன் என்று பைடன் உறுதி சொன்னார். அது என் செய்தியில் கடைசிப் பாரா.

துணை அதிபர் வேட்பாளர் என்ற விஷயத்தை நம் வாசகருக்குப் புரியவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. நம் ஊரில் குடியரசு துணைத் தலைவரை எம்.பி.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே அதிபர் வேட்பாளரே தனக்கு ஜோடி பார்த்துக்கொள்கிறார், மக்கள் ஒரே ஓட்டில் இருவரையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பது மாதிரி வருமானம், வம்பு, வழக்கு எல்லாம் விசாரிக்கிறார்கள். பைடன் அதற்கு ஒரு நால்வர் குழு போட்டார். வாரன், சூசன் ரைஸ், கேரன் பாஸ், டக்வொர்த், விட்மர், வால் டெமிங்ஸ் என்று அவர் கட்சிப் பெண் தலைவர்களின் பெயர்கள் அடிபட்டன. மே 25-ல் மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்டதும் கணக்கு மாறியது. ஜூன் 18-ல் அதே மினசோட்டாவின் செனட்டர் ஏமி குளோபுச்சர், இந்த இடம் வெள்ளையரல்லாத ஒரு பெண்ணுக்குப் போகட்டும் என்று சொல்லி விலகிக்கொண்டார்.

இது எல்லாம் எங்கள் பக்கத்தில் வந்ததா? துணுக்கு துணுக்காக வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. பிப்ரவரி 26-ல் டிரம்ப் கொரோனா தடுப்புக் குழுவுக்குத் தலைவராகத் துணை அதிபர் மைக் பென்ஸை நியமித்தார். 2016-ல் பென்ஸை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்? மூன்று முறை கல்யாணம் செய்த டிரம்பை நம்பாத தீவிரக் கிறிஸ்தவ வாக்காளர்களுக்கு ஒரு ஆறுதலாக. வைரஸ் வந்தால் சமாளிப்பாரா என்று அப்போது யார் கேட்டிருக்கப்போகிறார்கள்? கேட்டிருந்தால் பதில் கையிலேயே இருந்தது. அவர் இண்டியானா ஆளுநராக இருந்தபோது, 2015-ல், ஸ்காட் கவுண்டி என்ற சின்ன இடத்தில் போதை ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்களிடையே எச்.ஐ.வி. பரவியது. சுத்தமான ஊசி கொடுத்தால் பரவல் குறையும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கொள்கைப்படி அதற்கு எதிரியான பென்ஸ் தயங்கிவிட்டு மார்ச் கடைசியில்தான் இறங்கிவந்தார். அந்த ஒரு கவுண்டியில் தொற்று கிட்டத்தட்ட இருநூறு பேருக்குப் போனது. ஓட்டுக்காகச் சேர்த்துக்கொண்ட ஆளிடம் ஒரு கொள்ளைநோயைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். எவ்வளவு பெரிய செய்தி! நான் இதைப் படித்தேன், குறிப்பும் எடுத்தேன், எழுதவில்லை. என்ன செய்வது, பென்ஸுக்குத் திருவாரூர் மாவட்டத்தில் ஊர் இல்லை.

கமலா ஹாரிஸுக்கு இருந்தது.

ஆகஸ்ட் வந்தபோது நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கங்கள் பாதியாகக் குறைந்திருந்தன, சம்பளத்திலும் ஒரு பங்கு குறைந்திருந்தது, பேப்பர் மேல் வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும் என்று தெருவில் பாதி வீடுகள் பேப்பரை நிறுத்தியிருந்தன. மனைவியின் தையல் மிஷின்தான் என் மேஜை. மிதிக்கட்டையில் கால் பட்டால் கடகடவென்று சத்தம் வரும், பையன் எழுந்துவிடுவான். அதனால் காலைச் சம்மணமிட்டு வைத்துக்கொண்டு வேலை. சூசன் ரைஸ், கேரன் பாஸ், கமலா ஹாரிஸ் மூவருக்கும் அறிமுகக் கட்டுரை முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருந்தேன். ஜூலை கடைசியில் பைடன் கையிலிருந்த குறிப்புத்தாளைப் போட்டோகிராபர் ஒருவர் படமெடுத்துவிட்டார். கமலா பெயருக்குக் கீழே முதல் வரி, பகையை மனதில் வைத்துக்கொள்ளாதே என்ற அர்த்தத்தில். 2019 ஜூன் விவாதத்தில், கறுப்பினப் பிள்ளைகளை வேறு பகுதிப் பள்ளிக்குப் பஸ்ஸில் அனுப்பிய பழைய விவகாரத்தில் கமலா பைடனை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார், அந்தப் பகை. அதைப் பார்த்ததும் இவர்தான் என்று எனக்குப் பட்டுவிட்டது.

ஆகஸ்ட் 12 அதிகாலை ஒன்றே முக்கால் இருக்கும், போன் அதிர்ந்தது. பைடன் அறிவித்துவிட்டார். நான் காலை நீட்ட, மிஷின் கடகடக்க, பையன் எழுந்து அழ, ஒரு கையில் அவனைத் தட்டிக்கொண்டே செய்தியை ஏற்றினேன். இரண்டு நிமிஷத்தில் எடிட்டர் போன். வாழ்த்தெல்லாம் இல்லை. "துளசேந்திரபுரத்துக்கு ஆள் அனுப்பியாச்சா?"

மன்னார்குடி பக்கம் பைங்காநாட்டை ஒட்டிய சின்ன ஊர். கமலாவின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம். அவர் மத்திய அரசு அதிகாரியாகி ஊரைவிட்டுப் போய்ப் பல காலம் ஆகிவிட்டது. அவர் மகள் சியாமளா பத்தொன்பது வயதில், 1958-ல், பெர்க்லிக்குப் படிக்கப் போனார், பின்னால் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் ஆனார். கமலா குழந்தையாக வந்துபோனது சென்னை பெசன்ட் நகருக்கு. ஊரில் இருப்பது தர்மசாஸ்தா கோயில், அதில் நன்கொடையாளர் கல்வெட்டில் கமலா பெயர்.

காலை ஐந்தரைக்கு அந்தப் பகுதி நிருபரை எழுப்பினேன். அதே மாவட்டம் என்பதால் இ-பாஸ் தேவைப்படவில்லை, பைக்கில் போய்விட்டார். எட்டு மணிக்குக் கூப்பிட்டார்.

"சார், நமக்கு முன்னாடியே ரெண்டு டிவி வந்துட்டாங்க. இங்க யாரும் அந்தம்மாவ நேர்ல பாத்தது இல்ல சார். கோபாலன் சாரையே வயசானவங்க ரெண்டு பேருக்குத்தான் ஞாபகம்."

"பரவால்ல, கோயில்ல அர்ச்சனை ஏதாவது?"

"பண்ணச் சொன்னா பண்ணுவாங்க சார்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவர், "நேத்து ஒண்ணு அனுப்பியிருந்தேனே சார், பாத்தீங்களா?" என்றார். பார்க்கவில்லை. பக்கத்து ஊரில் கொரோனாவுக்குச் சளி மாதிரி எடுத்து எட்டு நாளாகியும் முடிவு வராமல் ஒரு தெருவே வேலைக்குப் போக முடியாமல் முடங்கிக் கிடக்கிறது என்று முப்பது வரி. மாவட்டச் செய்திக்குத்தான் அனுப்பியிருந்தார், அங்கே இடமில்லை என்று திருப்பியிருந்தார்கள், எனக்கு நகல். தமிழ்நாட்டில் அப்போது தொற்று 3 லட்சத்தைத் தாண்டியிருந்தது, தினமும் நூறு பேருக்கு மேல் செத்துக்கொண்டிருந்தார்கள், மாலை ஆறு மணி புள்ளிவிவரம் வானிலை அறிக்கை மாதிரி ஆகியிருந்தது. "நாளைக்குப் பாக்கலாம்ணே" என்றேன். என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார், நான் அண்ணே என்பேன்.

மறுநாள் என் பக்கம் முழுக்க கமலா. தாத்தா கதை, இட்லி சாம்பார் கதை, தாமரை என்ற பெயரின் அர்த்தம், பெசன்ட் நகர் கடற்கரையில் தாத்தாவோடு நடந்த கதை. ஏழு செய்தி எண்ணிப் பார்த்தேன். பைடன் ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு ஏழிலும் சேர்த்து நான்கு வாக்கியம் இருந்தது. கறுப்பினப் பெண்களின் ஓட்டு, கலிபோர்னியா அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது பைடனின் மகன் போ பைடனோடு இருந்த நட்பு, 77 வயது வேட்பாளருக்கு ஏதாவது ஆனால் அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர் என்ற கணக்கு, எல்லாம் அந்த நான்கில் அடக்கம். அப்பா டொனால்ட் ஹாரிஸ் ஜமைக்காக்காரர் என்பது அடைப்புக்குறிக்குள். சளி மாதிரி செய்தி எங்கேயும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து கமலா தன் ஏற்புரையில் ஆங்கிலத்துக்கு நடுவே 'சித்திகள்' என்று சொன்னாரே, அன்றைக்கு இன்னொரு முழுப்பக்கம். அது நன்றாகத்தான் இருந்தது, எனக்கே கண் கலங்கியது, அதை மறைக்க மாட்டேன்.

அண்ணன் அப்புறம் அந்தச் செய்தியைப் பற்றிக் கேட்கவே இல்லை. நவம்பரில் கமலா ஜெயித்ததற்கும் ஜனவரியில் பதவியேற்றதற்கும் ஊரில் வெடி வெடித்தபோதெல்லாம் நான் கேட்காமலே படம் அனுப்பினார்.

2024-ல் மறுபடியும் அதே கூத்து. ஜூலை 15-ல் டிரம்ப் ஜே.டி. வான்ஸைத் தேர்ந்தெடுத்தார், அவர் மனைவி உஷாவின் பூர்வீகம் ஆந்திராவில் கோதாவரிப் பக்கத்து வட்லூரு. தெலுங்குப் பத்திரிகை நண்பர் ஒருவர் போன் செய்து, "இந்த வாட்டி எங்க முறை, ஒரு கிராமம் கிடைச்சிடுச்சு" என்று சிரித்தார். ஆறு நாளில் பைடன் விலக, கமலா அதிபர் வேட்பாளராக, எங்கள் அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பினார்.

ஆகஸ்ட் 6 மாலை, கமலா தன் ஜோடியாக மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸை அறிவித்தார். நம்மாளு கோணம் எதுவும் இல்லை. அதோடு முந்தின நாள்தான் ஷேக் ஹசீனா வங்கதேசத்தைவிட்டு ஓடிவந்திருந்தார், பக்கம் முழுக்க டாக்கா. வால்ஸுக்கு அரைப் பக்கம் கேட்டேன், டபுள் காலம் கிடைத்தது. கீழ் மூலையில் வேறொரு செய்தி வைத்திருந்தேன்: மார்ச்சில் டெக்சாஸில் கறவை மாடுகளிடம் கண்டுபிடிக்கப்பட்ட பறவைக் காய்ச்சல் பத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களுக்குப் பரவிவிட்டது, பண்ணை ஆட்கள் சிலருக்கும் தொற்றியிருக்கிறது. பதினான்கு வரி.

பதினோரு மணிக்கு லேஅவுட் பையன் வந்தான். "சார், மேட்டர் ஓவரா இருக்கு. அந்த மாட்டுக் காய்ச்சல எடுத்துடவா?"

டாக்காவில் எட்டு வரி வெட்டிக் கொடுத்தேன். போதவில்லை. மாட்டுக் காய்ச்சலில் ஆறு வரி குறைத்தேன். எட்டு வரி, சிங்கிள் காலம், அதே வலது கீழ் மூலை. சிட்டி எடிஷன் அச்சுக்குப் போகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.