கழிவு யார் தலையில்?

மஸ்கெலியாப் பக்கத்தில் கைத்தேயிலை செய்யும் பெண்கள் குழு ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். 2021 கடைசியில் கொழுந்தை உருட்டும் சிறிய இயந்திரம், ரோலர் ஒன்று வாங்க இணையத்தில் நிதி திரட்டினோம். கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளங்களில் இலங்கையில் இருந்துகொண்டு திட்டம் தொடங்க முடியாது. குழுவில் உள்ள ஓர் அக்காவின் மகன் லண்டனில் இருக்கிறார். அவர் பெயரில் வேறொரு தளத்தில் தொடங்கினோம். 112 பேர், ஆளுக்கு 50 பவுண் தந்தார்கள். பெரும்பாலும் தோட்டங்களிலிருந்து போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்.

2022 மார்ச்சில் ரூபாய் சரிந்தது. 200 ரூபாயில் நின்ற டாலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. ரோலரை இந்தியாவிலிருந்து இறக்கித் தருவதாக இருந்த கொழும்பு வியாபாரிக்கு வங்கியில் நாணயக் கடிதம் (இறக்குமதிப் பணத்துக்கு வங்கி தரும் உத்தரவாதம்) திறக்க முடியவில்லை. பணத்தைத் திருப்பிவிடுவது என்று முடிவாயிற்று.

அப்போதுதான் சிக்கல் வந்தது. 50 பவுணில் தளத்தின் பங்கு 5 சதவீதம், அதாவது 2.50. அட்டைக் கொடுப்பனவுக்கு 3 சதவீதமும் 20 பென்ஸும், அது 1.70. மீதி 45.80. பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் பிடித்தது பிடித்ததுதான் என்று தளத்தின் விதியில் இருந்தது.

"45.80ஐ அனுப்பிவிடுவோம், மிச்சத்தை நாமா எடுத்தோம்?" என்று ஒருவர் கேட்டார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பின்வரிசையில் இருந்த மூத்த அக்கா ஒருவர் எழுந்தார். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். "தராசில் கொழுந்தைப் போட்டதும் கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். கழித்தவனுக்குக் காரணம் இருக்கும். வயிறெரிந்தது நமக்குத்தானே தங்கச்சி?" என்றார். அதன் பிறகு யாரும் 45.80 பற்றிப் பேசவில்லை.

112 பேருக்கும் சேர்த்துக் குறைவுபட்ட தொகை 470.40 பவுண். அன்றைய விலையில் இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேல். தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக இருந்த காலம் அது. லண்டன் தம்பி முதலில் தன் கையிலிருந்து போட்டார். நாங்கள் தேயிலை விற்று மாதாமாதம் அவருடைய அம்மாவிடம் அடைத்தோம். கடன் தீர ஒன்பது மாதம் ஆனது.

கொடுத்தவர் முழுதாகப் பெற வேண்டும்; வாக்குக் கொடுத்தவர்கள் நாங்கள் என்பதால் குறை எங்களுடையது. இதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை. அட்டைக் கொடுப்பனவுச் செலவையும் ஒப்புக்கொள்கிறேன், பணம் உண்மையில் கைமாறியது. ஆனால் தளத்தின் 2.50 வேறு. அது திட்டம் வென்றதற்கான கூலி. திட்டமே கைவிடப்பட்டு, பணம் முழுவதும் திரும்பிப் போன பிறகு அந்தக் கூலியில் பாதியையாவது விட்டுக்கொடுப்பதுதான் முறை. அப்படியே தம்பியைக் கொண்டு எழுதிக் கேட்டோம். விதியின் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரியில் பதில் வந்தது.

இப்போது உலர்த்தும் அறைக்காக மறுபடியும் திரட்டப் பேசுகிறார்கள். திருப்பினால் முழுதாகத் திருப்புவோம் என்பதை முதல் வரியிலேயே எழுதவும், வருவதில் பத்தில் ஒரு பங்கை அறை எழும்பும் வரை தொடாமல் வைக்கவும் சொல்லியிருக்கிறேன். அந்த அக்கா தலையாட்டினார். மற்றவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள்.